தீராத நோயும் தீராத கடமையும்

(இந்து வாலிபர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கியமும் சமயமும் பேசப்படும் இவ்வரங்கில் ஒரு நோயைப்பற்றிப் பேச இடங்கேட்டவன் நானே. நான் வைத்தியனல்லன், பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவன். ஆயினும் இந்நோயின் பொருட்டு நான் தீர்க்கவேண்டிய கடன் ஒன்றுண்டு. அதனை முதலிற் சொல்லிப் பின்னர் நோயைப்பற்றிச் சொல்லுவேன்.

எங்களூர்க் கோயிலிற் கந்தபுராண படனம் நடக்கும் நாட்களில் ஒருவர் செய்யுளை வாசிக்க, ஒரு பெரியவர் பயன் சொல்லுவார். அவருடைய குரல் தெற்கு வீதிவரை கேட்கும். நான் மிசன் பாடசாலையில் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டில் அந்தக் குரல் குழையத் தொடங்கிற்று. ழகரமும் றகரமும் நாவிற் பிடிபடவில்லை. “பெரியவர் குடித்துவிட்டல்லோ வந்திருக்கிறார்” என்று ஒருவர் சொல்ல, அது நாலுபேர் வாய்ப்பட்டு ஊர்வார்த்தையாயிற்று. படனத்தினின்றும் அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒழுங்கையால் நடந்து போகும்போது சிறுவராகிய நாங்கள் பின்னால் நின்று, அவரைப்போலக் குழறிக் காட்டிச் சிரித்தோம். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவருக்குக் காது கேளாது என்று எண்ணிக்கொண்டோம்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. அவரைப் பற்றியது மதுவுமன்று, பித்துமன்று. ஆங்கில வைத்தியர் ‘மோட்டர் நியூரோன்’ நோய் என்றும், நாம் இயக்க நரம்புக்கல நோய் என்றும் வழங்கும் கொடிய நோய். அஃது இன்னதென்று தெரியவந்தபோது அவருடைய வலக்கையும் தொய்ந்துவிட்டது. அதன்பின் இரண்டு வருடத்துள் அவர் காலமானார். பல வருடங்கழித்துப் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் இந்நோய்பற்றிய ஓர் அதிகாரத்தை வாசித்தபோதுதான், நான் யாரைப் பார்த்துச் சிரித்தேன் என்பது எனக்கு விளங்கிற்று.

அன்பர்களே, இந்நோய் யாது? நம்முடைய தோட்டக்காரர் எளிதில் அறியும் உவமை ஒன்றாற் சொல்லுகிறேன். கிணற்றில் நீர் உண்டு. பாத்தியிற் பயிரும் உண்டு. ஆனால் கிணற்றடியிலிருந்து வரும் பெரு வாய்க்காலும், அதிலிருந்து பிரிந்து பாத்திக்குச் செல்லும் சிறு வாய்க்காலும் சிறிது சிறிதாகத் தூர்ந்துபோகுமாயின் பயிர் என்னாகும்? மூளையிலிருந்து முண்ணாணுக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்புக்கலங்கள் ஒரு தொகுதி. முண்ணாணிலிருந்து தசைகளுக்கு அதனைக் கொண்டுசெல்லுபவை மற்றொரு தொகுதி. இவ்விரு தொகுதிகளும் அழிந்துபோவதே இந்நோய். முதற்றொகுதி அழிந்தால் அவயவம் விறைக்கும். இரண்டாந்தொகுதி அழிந்தால் தசை துடிதுடித்து, வாடி, மெலியும். நீரில்லாப் பயிர்போலத் தசை வற்றுகின்றது.

பெரும்பாலும் இந்நோய் நடுவயது கடந்தோருக்கே வரும். ஒரு இலட்சம் பேரில் வருடமொன்றுக்கு ஏறத்தாழ 2 பேரைப் புதிதாகப் பற்றுகின்றது. சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல் வழங்காமை, திறப்பைத் திருக முடியாமை, நடக்கும்போது காற்செருப்பு நழுவுதல், பேச்சுக் குழறுதல் முதலியன இதன் தொடக்கமாகலாம். பின்னர் கை, கால், நா, தொண்டை என்று பரவி, ஈற்றில் மூச்சுத்தசைகளையும் தளர்த்துகின்றது. நோய் தொடங்கி 3 முதல் 5 வருடங்களுள் பெரும்பாலோர் இறக்கின்றனர். பத்தில் ஒரு பங்கினர் வரையில் 10 வருடங்களுக்கு மேலும் வாழ்வதுண்டு.

இது பரவுவதை அறிவதுபோலவே, எவற்றை இது தீண்டாது என்பதை அறிவதும் முக்கியம். தொடுவுணர்ச்சி கெடுவதில்லை. கண்ணும் செவியும் கெடுவதில்லை. விழிகளை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் கடைசிவரையில் நிலைக்கின்றன. நுளம்பு கடிப்பதை நோயாளி உணருவார். விரட்டுவதற்குக் கை எழாது. அறிவும் பலருக்குத் தெளிவாகவே இருக்கும். ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சிந்தனையிலும் நடத்தையிலும் ஓரளவு மாற்றம் உண்டாவதும், சிலருக்கு மறதிநோயொத்த நிலை வருவதும் உண்மை. காரணமின்றிச் சிரிப்போ அழுகையோ பீறிட்டு வருவதும் உண்டு. அது பைத்தியமன்று; அடக்கும் நரம்புகள் கெட்டமையால் வருவது. இந்நோய் தொற்றுநோயுமன்று. அவர் அருகில் இருந்து உண்ணலாம். அவர் கையைப் பிடிக்கலாம்.

இளைஞருக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணிமை துடித்தது, கெண்டைக்கால் துடித்தது என்று எவரும் அஞ்சவேண்டுவதில்லை. பலமின்மையும் மெலிவுமின்றி வெறுந் துடிப்பு மாத்திரம் இருப்பது பெரும்பாலும் இந்நோயன்று. இதனை ஒரே பரிசோதனையாற் கண்டுகொள்ளவும் இயலாது. நரம்பியல் நிபுணர் உடலைச் சோதித்து, தசைகளின் மின்னியக்கத்தை அளந்து, முண்ணாண் கழுத்திடத்தே நெருக்குண்டிருக்கிறதோ என்று படமெடுத்துப் பார்த்து, மருந்தால் மாறக்கூடிய வேறு நரம்பு நோய்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே முடிவு கூறுவார். இளைஞர் ஒருவருக்குக் கை மெலிவதெல்லாம் மரணவோலையுமன்று. 1959-ஆம் ஆண்டு ஜப்பானில் ஹிறயாமா என்னும் வைத்தியர் விவரித்த நோய் ஒரு கையை மெலிவித்துச் சில வருடங்களில் தானாகவே நின்றுவிடுகின்றது. நமக்கு அணித்தாகிய சென்னையில் மீனாட்சிசுந்தரம் முதலிய வைத்தியர்கள் 1970-இல் இளவயதினரைப் பற்றும் ஒருவகை இயக்க நரம்புக்கல நோயை எடுத்துரைத்தனர். செவிப்புலன் குன்றுதலும் சேர்ந்து வருவதாகிய அவ்வகை மிக மெதுவாக நடப்பது. சென்னையின் பெயராலேயே உலகம் அதனை அழைக்கின்றது. ஆகவே நோயின் பெயரைக் கேட்டவுடன் நாளெண்ணத் தொடங்குதல் தவறு.

இந்நோயைத் தெளிவாக வகுத்துரைத்தவர் பாரிஸ் நகரத்து சல்பேற்றியேர் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஷார்க்கோ என்னும் பேராசிரியர், காலம் 1869. அன்றுதொட்டு ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் மூலகாரணம் முழுதும் வெளிப்படவில்லை. நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது குடும்பவழி வருகின்றது. அத்தகைய பரம்பரை அலகுகளில் முதலாவது 1993-இலும், மிகுதியாகக் காணப்படும் மற்றொன்று 2011-இலும் அறியப்பட்டன. ஏனையோருக்கு ஏன் வருகின்றது என்பது இன்றும் விடுகதையே.

அமெரிக்காவிற் பேஸ்போல் ஆட்டத்திற் புகழ்பெற்ற லூ கெறிக் 2,130 ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடியவர். உடம்பால் அவருக்கு நிகர் யார் என்று கேட்குமளவுக்கு வலியர். 1939-ஆம் ஆண்டு தமது முப்பத்தாறாவது பிறந்தநாளன்று இந்நோய் தமக்குண்டென அறிந்தார், 1941-இல் இறந்தார். அந்நாட்டில் இன்றும் இந்நோயை அவர் பெயரால் வழங்குகின்றனர். பலவீனருக்கே வரும் நோய் இதுவென்பார் அவரை நினைக்க.

இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹோக்கிங் வரலாறு வேறு. 1963-இல், 21 வயதில், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது, இன்னும் இரண்டு வருடமே வாழ்வீர் என்று வைத்தியர் கூறினர். அவர் வாழ்ந்ததோ 2018 மார்ச் 14 வரை, 76 வருடம். அவருக்கு வாய்த்த நோய் அபூர்வமாக மெதுவானது. எல்லோரும் அவரைப்போல வாழ்வரென்று சொல்லுதல் பொய்யாகும். ஆனால் அவர் வாழ்க்கையில் நாம் கற்கவேண்டிய ஒரு கட்டம் உண்டு. 1985-இல் ஜெனீவா சென்றிருந்தபோது நிமோனியாக் கண்டு, கழுத்தில் துவாரமிட்டு மூச்சுக்குழாய் வைக்கவேண்டியதாயிற்று. அத்துடன் எஞ்சியிருந்த பேச்சும் போயிற்று. அப்பொழுது அவருக்கு உதவியது கணனியன்று. எழுத்துகள் எழுதிய ஓர் அட்டை. ஒருவர் ஒவ்வோரெழுத்தாகச் சுட்டிக்காட்ட, வேண்டிய எழுத்து வந்தவுடன் அவர் புருவத்தை உயர்த்துவார். கணனிக் குரல் அதன் பின்னரே வந்தது. அக்கணனியின் துணையால் எழுதி முடித்த அவருடைய புகழ்பெற்ற நூல் 1988-இல் வெளியாயிற்று. இந்த அட்டையை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் அதற்கு வருவேன்.

இனி, பராமரிப்பு. இந்நோயை மாற்றும் மருந்து இல்லை. இதனை மறைத்துப் பேசுவது நன்றன்று. ஆனால் “மாற்ற மருந்தில்லை” என்பதும் “செய்ய ஒன்றுமில்லை” என்பதும் ஒன்றல்ல. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே.

றிலுசோல் என்னும் மாத்திரை 1995-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆய்வுகளில் அது ஆயுளை ஏறத்தாழ 2 முதல் 3 மாதம் நீட்டிற்று. ஒருவகைப் பரம்பரை நோய்க்குரிய டொபர்சன் என்னும் மருந்து, முண்ணாண் நீரிற் செலுத்தப்படுவது, 2023-இல் அங்கு அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் அது மிகச் சிலருக்கே பொருந்தும். இவற்றோடு மற்றிரண்டைச் சேர்த்துப் பாருங்கள். இரவில் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் சிறு கருவி ஒன்றுண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நாவும் தொண்டையும் மிகக் கெடாத நோயாளருக்கு அது ஏறத்தாழ 7 மாத ஆயுளையும், அதனினும் மேலாக நிம்மதியான உறக்கத்தையும் தந்தது. அயர்லாந்தில் 2003-இல் வெளியான ஆய்வொன்று, வைத்தியர், தாதி, இயன்மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உணவு நிபுணர் ஆகியோர் ஒருங்கே கவனித்த நோயாளர் ஏனையோரைக் காட்டிலும் ஏழரை மாதம் கூடுதலாக வாழ்ந்தனர் எனக் கண்டது. வேறுவேறு ஆய்வுகளின் எண்களை ஒரே தராசிலிட்டு நிறுத்தல் முறையன்று என்பதை அறிவேன். ஆயினும், இந்நோயிற் பலர் கூடிச் செய்யும் கவனிப்பு மருந்துக்கு எட்டுணையும் தாழ்ந்ததன்று என்பதற்கு இவை சான்று.

மூச்சுத்தசை தளர்வதை வீட்டார் எப்படி அறிவது? மல்லாந்து படுக்க முடியாமை, இரவில் அடிக்கடி விழித்தல், விடியற்காலைத் தலையிடி, பகலில் ஓயாத தூக்கம் ஆகியன அதன் அடையாளம். உடனே வைத்தியருக்குச் சொல்லவேண்டும். மூச்சு வாங்குகிறதென்று வைத்தியர் சொல்லாமல் ஒட்சிசன் கொடுத்தலாகாது. அது காற்றுக் கருவிக்கு ஈடன்று. சிலவேளை தீங்கும் செய்யும்.

உணவிலும் கவனம் வேண்டும். தொண்டைத்தசை தளர்ந்தவருக்கு வெறுந் தண்ணீரே விரைவிற் புரைக்கேறும். உதிருகின்ற புட்டும் ஆபத்து. சொதியில் ஊறவைத்து ஒரே பதமாக மசித்த இடியப்பமும், சற்றுத் தடித்த கஞ்சியும் நல்லன. நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சிறிது நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சிறு கரண்டியால் ஊட்டி, ஒன்று விழுங்கிய பின்னரே மற்றொன்றைக் கொடுக்கவேண்டும். உடல் மெலிந்துகொண்டே போனால் வயிற்றில் நேராக உணவு செலுத்தும் குழாய் வைக்கலாம். அதனை மூச்சு மிகத் தளருமுன் வைத்தல் நன்று. கைகால் மூட்டுகளைத் தினமும் பிறர் மெல்ல மடக்கி நீட்டிவிட்டால் இறுகிப்போகா. எச்சில் வழிதலுக்கும், தசைப்பிடிப்புக்கும், அடங்காச் சிரிப்பழுகைக்கும் மருந்துகள் உள்ளன. கேட்டாற் கிடைக்கும், “இந்த நோய்க்கு என்ன செய்வது” என்று வாளாவிருந்தாற் கிடையாது.

இரண்டு தவறுகள் நம் வீடுகளில் நிகழ்கின்றன. ஒன்று, யாரோ மாற்றுவதாகச் சொன்னார் என்று காணியை ஈடுவைத்து, நகையை விற்று, ஊரூராக நோயாளியைக் கொண்டு திரிதல். முடிவில் நோயுமிருக்கும், கடனுமிருக்கும், சக்கர நாற்காலி வாங்கப் பணமிராது. மற்றது, “அவருக்கு மட்டும் சொல்லிப் போடாதேயுங்கோ” என்று உண்மையை அவரிடமே ஒளித்தல். அன்பினாற் செய்வதே, ஆயினும் கொடுமை. குழாய் வேண்டுமா, கழுத்தில் துவாரமிட்டு யந்திரத்தால் மூச்சுவிட விருப்பமா, இறுதி நாட்களை எங்கே கழிப்பது என்பனவற்றைத் தீர்மானிக்க வேண்டியவர் அவரே. பேச்சு இருக்கும்போது கேளாவிட்டால், பின்பு கேட்பதெங்ஙனம்? பேச்சுள்ள காலத்திலேயே அவருடைய குரலைக் கைத்தொலைபேசியிற் பதிந்தும் வைக்கலாம். எங்கள் பெரியவர் எத்தனையோ வருடம் சொன்ன பயனில் ஒரு வாக்கியந்தானும் இன்று பதிவில் இல்லை.

சென்ற விடுமுறையில் மன்னிப்புக் கேட்பதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவியார் என்னை இருத்தித் தேநீர் தந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “தம்பி, அவர் வீட்டுக்கு வந்து உங்கள் எல்லாரையும் பெயர் பெயராகச் சொல்லுவார், கோபிக்கவில்லை” என்றார். பின்பு ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். பேச்சு முற்றாக அற்ற பின்னர், மகள் அவருடைய கண்ணைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதியவை அதில் இருந்தன.

அவர்கள் கையாண்ட முறையை நீங்கள் அறியவேண்டும். ஓர் அட்டையில் நான்கு வரிசை. முதல்வரி உயிர் பன்னிரண்டு. இரண்டாவது வல்லினம் ஆறு. மூன்றாவது மெல்லினம் ஆறு. நான்காவது இடையினம் ஆறு. ‘உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம்’ என்று மகள் மெதுவாகச் சொல்லுவாள். வேண்டிய இனம் வந்ததும் அவர் கண்ணை மேலே உயர்த்துவார். மெல்லினமானால் ‘ங, ஞ, ண, ந’ என்று வர, நகரத்திற் கண் உயரும். பின்பு உயிர் வரிசை. ‘அ, ஆ, இ, ஈ, உ’ என்றதும் மீண்டும் உயரும். ‘நு’ ஆயிற்று. அடுத்தது இடையினம், ளகரம். ‘நுளம்பா, அப்பா?’ என்று கேட்டால் ஆமென்று கண் சொல்லும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் அட்டையில் நிரப்பவேண்டுவதில்லை. நாம் கீழ்வகுப்பிற் பாடமாக்கிய இனப்பாகுபாடே போதும். செலவு ஓர் அட்டையும் ஒரு பேனையும், வேண்டியது பொறுமை. அவர் முடிக்குமுன் சொல்லை நாமே முடிக்க அவசரப்படலாகாது. இரண்டு கேள்வியை ஒருங்கே கேட்கலாகாது.

அந்தக் கொப்பியில் தத்துவம் ஒன்றுமில்லை. ‘முதுகு’, ‘விசிறி’, ‘நுளம்பு’, ‘தம்பி சாப்பிட்டானா’ என்பனவே பக்கம் பக்கமாக இருந்தன. ஓரிடத்தில் மாத்திரம் புராணச் சொல் ஒன்றும் அதன் பதப்பிரிப்பும் காணப்பட்டன. கோயிலின் ஒலிபெருக்கியிற் புதிதாகப் பயன் சொல்லிய இளைஞர் அச்சொல்லைப் பிழையாகப் பிரித்ததைப் படுக்கையிற் கிடந்தபடி கேட்டு, இவர் கண்ணாலே திருத்திக் கொடுத்தாராம். மகள் அதை ஒரு துண்டில் எழுதி அனுப்ப, மறுநாட் படனத்தில் அச்சொல் திருத்தமாகச் சொல்லப்பட்டது. திருத்தியவர் யாரென்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது. குடிகாரரென்று நாம் விலக்கிய பெரியவர் அவர்.

பெரியோர்களே, “இது முன்வினை” என்று சொல்லுவார் உண்டு. மிசன் பாடசாலையிற் படித்த நான் சைவ சித்தாந்தம் நன்கறிந்த உங்கள்முன் வினையைப்பற்றி வாதிக்க அருகதை அற்றவன். ஒன்றுமட்டும் பணிவுடன் கேட்பேன். அவருக்கு வந்த நோய் அவர் செய்த வினையெனின், அவரைப் பார்த்து நாம் சிரித்தது யார் செய்யும் வினை? அவரைத் தனியே விட்டது யார் கணக்கிற் சேரும்? சூலைநோயால் வருந்தி வந்த அப்பர் அடிகளை அக்கையார் திலகவதியார் எடுத்துத் திருநீறு அளித்து ஏற்றுக்கொண்டார். வாயிலில் நிறுத்திவைத்து வழக்கு விசாரிக்கவில்லை. நோயுற்றாரிடம் நமது சமயம் நம்மை நிற்கச் சொல்லும் இடம் அதுவென்றே எண்ணுகிறேன்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன். ஒன்று, இவ்வெழுத்து அட்டையைச் சங்கம் செய்து வைத்து, பேச்சிழந்தார் எந்த வீட்டில் இருந்தாலும், பாரிசவாதத்தால் இழந்தாராயினும் சரி, கொண்டுபோய்ப் பழக்கிக் கொடுக்கவேண்டும். இரண்டு, அங்கத்தவர் இருவர் இருவராக வாரத்தில் இரண்டு மணி நேரம் அத்தகைய வீட்டில் இருந்து, பத்திரிகையோ புராணமோ வாசித்துக் காட்டவேண்டும். அவ்வேளையில் இரவெல்லாம் கண்விழித்த தாயோ மகளோ சற்று உறங்கட்டும். மூன்று, சங்கத்தின் பொதுவுடைமையாகச் சக்கர நாற்காலி ஒன்று வாங்கித் தேவைப்படுவோருக்கு மாறி மாறிக் கொடுக்கவேண்டும். தேர்த்திருவிழாவன்று அது வாசிகசாலையில் நில்லாமல் கோயில் வீதியில் நிற்பதாக.

ஷார்க்கோவின் காலந்தொட்டு விஞ்ஞானிகள் தேடும் விடை ஒருநாட் கிடைக்கும். அதுவரை நோய் தீராதுதான். நம்முடைய கடமையும் அதுவரை தீராது. எங்களூர்ப் பெரியவருக்கு நான் கொடுக்கவேண்டியதை இனி அவரிடம் கொடுக்க முடியாது. அதனை வேறு வீடுகளிற் கொடுக்க இச்சங்கம் எனக்கு வழி செய்யுமென்று நம்பி அமர்கிறேன்.